கீவ் 1240: தசமபாகக் கோயில் ஆட்களின் பாரத்தால்தான் இடிந்ததா?

வரலாற்றுமாணவி எழுதியது:

வணக்கம். 1240இல் பாத்து கானின் மங்கோலியப் படை கீவ் நகரை அழித்ததைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தயாராகிறது. எங்கே தேடினாலும் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற கற்களை எறிந்து மங்கோலியர் கோட்டை மதிலைத் தரைமட்டமாக்கினார்கள் என்பது ஒன்று. மக்கள் தசமபாகக் கோயிலின் மேல் ஏறியதால் பாரம் தாங்காமல் அது இடிந்தது என்பது இரண்டாவது. 50,000 பேரில் 2,000 பேர்தான் மிஞ்சினார்கள் என்பது மூன்றாவது. இவற்றில் எதை அப்படியே எழுதலாம், எதைத் திருத்த வேண்டும்? தேதியிலும் குழப்பம் இருக்கிறது. பல தளங்களில் டிசம்பர் 6, சிலவற்றில் நவம்பர் 19.

ஓலைச்சுவடி எழுதியது:

முதலில் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். முற்றுகையை விரிவாகச் சொல்வது இப்பாத்தி நாளாகமம், அதாவது ருஸ் (கீவை மையமாகக் கொண்டிருந்த பழைய இளவரசு நாடுகள்) பகுதியின் ஆண்டுவாரிக் குறிப்பேடு. அதன் போக்கு இது:

வண்டிகள் கிறீச்சிடும் ஓசை, ஒட்டகங்களின் கதறல், குதிரைகளின் கனைப்பு இவற்றால் நகருக்குள் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை. தொவ்ருல் என்ற தாத்தார் வீரன் பிடிபடுகிறான் (மங்கோலியரை நாளாகமம் தாத்தார் என்றே அழைக்கிறது). சுபுதை, புருந்தை, குயுக், மோங்கே, காதான், பைதார் என்று வந்திருந்த தளபதிகளின் பெயர்களை அவன்தான் சொல்கிறான். லியாத்ஸ்கி வாயிலுக்கு எதிரே பாத்து எறிபொறிகளை நிறுத்துகிறான். ஏன் அங்கே என்பதற்குக் காரணமும் இருக்கிறது: புதர் அடர்ந்த பள்ளங்கள் அந்த இடத்தில்தான் மதிலை நெருங்கி வந்தன. பொறிகள் இரவும் பகலும் ஓயாமல் அடிக்கின்றன, மதில் உடைகிறது. நகரத்தார் உடைந்து மிஞ்சிய மதிலின் மேல் ஏறி நிற்கிறார்கள். ஈட்டிகள் முறிகின்றன, கேடயங்கள் பிளக்கின்றன, அம்புகள் வெளிச்சத்தை மறைக்கின்றன. காவல் தலைவன் த்மித்ரோ காயமடைகிறான். தாத்தார்கள் மதிலின் மேல் ஏறி அன்று பகலும் இரவும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் நகரத்தார் தேவமாதா கோயிலைச் சுற்றி இன்னொரு அரண் எழுப்புகிறார்கள். மறுநாள் பெரும் சண்டை. மக்கள் தங்கள் பொருட்களோடு கோயிலின் மேலும் அதன் வளைவுக்கூரைகளின் மேலும் ஓடி ஏற, பாரத்தால் கோயிற்சுவர்கள் அவர்களோடு சேர்ந்து விழுகின்றன.

தேவமாதா கோயில் என்பதுதான் தசமபாகக் கோயில். விளாதிமிர் இளவரசன் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கியதால் வந்த பெயர். 996இல் கட்டி முடிந்தது. 1240இல் அதற்கு வயது 244.

ஆக, உங்கள் இரண்டாவது செய்தி மூலத்திலேயே உள்ளது. முதலாவது அங்கே இல்லை. "நான்கு வலிய ஆட்கள் தூக்கும் கல், ஒன்றரை வில்லெறி தூரம்" என்ற வரி இதே நாளாகமத்தில் வருவது உண்மைதான், ஆனால் வேறோர் இடத்தில். ருஸ் இளவரசர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது டானிலோவும் விளாதிமிர் ரூரிக்கொவிச்சும் செர்னிகிவ் நகரை முற்றுகையிட்ட பகுதி அது, 1234ஆம் ஆண்டை ஒட்டியது. பிற்கால நாளாகமங்கள் சில, அந்த வரியைத் தூக்கி 1239 அக்டோபரில் மங்கோலியர் செர்னிகிவைப் பிடித்த நிகழ்ச்சியில் வைத்துவிட்டன. அங்கிருந்து இணையத்தில் கீவுக்கு நகர்ந்திருக்கிறது. கட்டுரையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

கவண்கல் எழுதியது:

ஓலைச்சுவடி சொன்னதோடு பொறியின் கணக்கையும் சேர்க்கிறேன். 1240இல் பாத்துவிடம் இருந்தவை எதிர்ப்பாரம் கட்டிய பெரிய கவண்கள் என்று பலர் படம் போடுகிறார்கள். அது காலப்பிழை. பாரம் தொங்கவிட்ட அந்த வகையை மங்கோலியர் சீனாவில் பயன்படுத்தியது சியாங்யாங் முற்றுகையில், 1272-73இல். மேற்காசியாவிலிருந்து வரவழைத்த பொறியாளர்களை வைத்து அங்கே அதைக் கட்டினார்கள். கீவுக்கு வந்தவை சீன மரபிலான இழுகவண்களாகவே இருக்க வேண்டும்.

அமைப்பு எளிது. ஒரு சட்டத்தின் மேல் அச்சு, அச்சின் மேல் நீண்ட துலா. நீளமான பக்கத்து நுனியில் கல் வைக்கும் தோல் தொட்டில், குட்டையான பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் கயிறுகள். ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஒரே நேரத்தில் கீழே இழுத்தால் மறுமுனை மேலே பாய்ந்து கல்லை வீசும். 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் போர்நூலில் அளவுகள் இருக்கின்றன. ஒற்றைக்கழி கவணுக்கு இழுக்க 40 பேர், குறி பார்க்க ஒருவர், கல் 2 சின் (சீன எடையளவு). ஏழு கழிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கவணுக்கு இழுக்க 250 பேர், குறி பார்க்க இருவர், கல் 90 முதல் 100 சின். அன்றைய சின் 600 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே பெரிய கல்லே 60 கிலோவை ஒட்டித்தான். தூரம் 50 அடிவைப்பு, அதாவது 75 மீட்டர் சுமார்.

இந்த 75 மீட்டர்தான் முக்கியம். அது மதில் மேல் நிற்கும் வில்லாளியின் கைக்கு எட்டும் தூரம். கயிற்றைப் பிடித்துத் திறந்தவெளியில் நிற்கும் 250 பேர் ஒரு நாழிகைகூடத் தாங்க மாட்டார்கள். அதனால்தான் புதர்ப் பள்ளம் மதிலை நெருங்கும் இடம் தேவைப்பட்டது: ஆட்கள் மறைந்து வரலாம், துலாவுக்கும் சட்டத்துக்கும் மரம் பக்கத்திலேயே கிடைக்கும். கயிறு இழுக்கும் வேலையில் பெரும்பாலும் பிடிபட்ட உள்ளூர் மக்களையே மங்கோலியர் நிறுத்துவது வழக்கம். சுற்றுமுறை வைத்து ஆள் மாற்றினால் இரவு பகல் ஓயாமல் அடிப்பது நடக்கிற காரியம்தான்.

கோளாறு எங்கே வரும் என்றால், இழுப்பவர்கள் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். பத்துப் பேர் பிந்தினால் கல் நெட்டுக்குத்தாக மேலே போய்த் தங்கள் பக்கமே விழும். ஈரத்தில் கயிறு நீளும். சேர்த்துக் கட்டிய கழிகளில் ஒன்று வெடித்தால் மற்றவையும் அடுத்தடுத்துப் போகும். ஆகவே ஒரே இடத்தில் ஒரே பொறி என்பது பயன் தராது. பல பொறிகளை வரிசையாக வைத்து ஒரே முனையை அடித்தால்தான் பலன்.

வரலாற்றுமாணவி எழுதியது:

60 கிலோ கல் அவ்வளவு பெரிய மதிலை உடைக்குமா? கீவ் இளவரசன் யாரொஸ்லாவ் எழுப்பிய மதில் 30 மீட்டர் அகலம் என்று படித்தேன்.

மண்வெட்டி எழுதியது:

உடைக்காது. இந்தக் கேள்வியில்தான் கீவ் வீழ்ந்த விதமே இருக்கிறது.

"மதில்" என்று சொன்னதும் நம் மனதில் கருங்கல் சுவர் வந்து நின்றுவிடுகிறது. கீவில் இருந்தது மண்மேடு. அதன் உள்ளே ஓக் மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, பெரிய பெட்டிகள் போலச் செய்து, அவற்றுக்குள் மண்ணை இடித்து நிரப்பியிருந்தார்கள். பெட்டிச் சட்டம் இருப்பதால் மேடு சரியாமல் செங்குத்தாக நிற்கும். அடி அகலம் 30 மீட்டரை ஒட்டி, உயரம் 10 மீட்டருக்கு மேல், சுற்று சுமார் மூன்றரை கிலோமீட்டர். முன்னால் அகழி. இந்த மேட்டில் 60 கிலோ கல் மோதினால் புதையும், அவ்வளவுதான். நூறு கல் எறிந்தாலும் மேடு மேடாகவே இருக்கும்.

ஆனால் மேட்டின் உச்சியில் இருந்தது வேறு: மரத்தால் கட்டிய ஞாயில் (வீரர்கள் மறைந்து நின்று போரிடும் மேற்சுவர்), கூரை போட்ட நடைபாதை, அம்பு விடும் துளைகள். கல்லுக்கு இலக்கு அதுதான். வாயிலின் மேல் இருந்த மரக்கோபுரமும் அப்படியே. ஞாயில் சிதறியதும் மேட்டின் மேல் நிற்பவனுக்கு மறைப்பே கிடையாது. கீழிருந்து அம்பு மழை. தலை தூக்க முடியாத நேரத்தில் அகழியில் சுள்ளியும் மரமும் போட்டு நிரப்பி, காலாள் ஏறிவிடலாம். ஓலைச்சுவடி எடுத்துக்காட்டிய அந்தத் தொடரைத் திரும்பப் படியுங்கள்: நகரத்தார் "உடைந்து மிஞ்சிய மதிலின் மேல் ஏறினார்கள்". ஏறி நிற்க மேடு மிஞ்சியிருந்தது. போனது மேல்கட்டு. கட்டுரையில் "மதிலைத் தரைமட்டமாக்கினார்கள்" என்பதற்குப் பதில் "மதிலின் மரத்தாலான மேல்கட்டைச் சிதைத்தார்கள்" என்று எழுதுங்கள்.

புல்வெளி எழுதியது:

தேதிக்கு வருகிறேன். டிசம்பர் 6 என்பது லவ்ரெந்தி நாளாகமத்தில் இருப்பது, புனித நிக்கோலாவின் திருநாளை ஒட்டிச் சொல்லப்படுகிறது. நவம்பர் 19 பிஸ்கோவ் நகர நாளாகமங்களின் மரபிலிருந்து வருகிறது. அது துல்லியமான வாக்கியம்: செப்டம்பர் 5இல் வந்தார்கள், 10 வாரமும் 4 நாளும் நின்றார்கள், நவம்பர் 19 திங்கட்கிழமை பிடித்தார்கள்.

ஜூலியன் நாட்காட்டியில் கணக்குப் போட்டால் 1240 நவம்பர் 19 திங்கட்கிழமையேதான். செப்டம்பர் 5 புதன். வந்த நாளையும் பிடித்த நாளையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள முழு நாட்களை எண்ணினால் 74, அதாவது சரியாக 10 வாரமும் 4 நாளும். கிழமையும் நாள் எண்ணிக்கையும் இப்படி ஒன்றோடொன்று பொருந்துவது தற்செயலாக வருவது கடினம். யாரோ அந்த நாட்களை அருகிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது தீவனம். நியாயமான எதிர்ப்புதான். ஒரு குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம். ஒரு வீரனுக்கு மூன்று குதிரை என்று வைத்தால் 10,000 வீரர்களுக்கு 30,000 குதிரைகள், நாளொன்றுக்கு 300 டன். பத்து வாரம் ஒரே இடத்தில் நின்றால் சுற்றுவட்டாரம் மொட்டையாகிவிடும். ஆனால் முழுப் படையும் பத்து வாரமும் மதிலடியில் நின்றது என்று ஏன் நினைக்க வேண்டும்? முன்படை வந்து வழிகளை அடைக்கும், பெரும்பகுதி தெற்கே புல்வெளியில் மேய்ச்சலோடு நகரும், ரோஸ் ஆற்றங்கரைக் கோட்டைகளைத் தீர்க்கும், கடைசியில் பொறிகளோடு வந்து சேரும். செப்டம்பரில் அறுவடை முடிந்து தானியம் கைக்கு எட்டும் நேரம் வேறு.

ஓலைச்சுவடி எழுதியது:

கிழமைக் கணக்கு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிசம்பர் 6ஐ நீக்கிவிட வேண்டாம். லவ்ரெந்தி ஏடு பழையது. கட்டுரையில் இரண்டையும் தந்து, எந்த ஏட்டில் எது என்று சொல்லிவிட்டால் போதும். பல தளங்களில் இருக்கும் "நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரை" என்ற தொடக்கத் தேதி இப்பாத்தி ஏட்டில் இல்லை.

செங்கல்சூளை எழுதியது:

தலைப்புக் கேள்விக்கு வருவோம். பாரத்தால் இடியுமா? எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 5 பேர், தலைக்கு 60 கிலோ, ஆக 300 கிலோ. மூட்டை முடிச்சோடு 350. அக்காலக் கீவ் கோயில்கள் பைசாந்தியக் கொத்தர் முறையில் கட்டியவை. மூன்று சென்டிமீட்டர் கனம்கூட இல்லாத தட்டைச் செங்கல், அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ கனத்தில் காரை. காரை என்றால் சுண்ணாம்பில் செங்கல் பொடி கலந்தது, நம் ஊர் சுர்க்கிக் காரையேதான். வளைவுக்கூரை 40 செமீ கனம் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 1,700 கிலோ கணக்கில், ஒரு சதுர மீட்டரின் சொந்த எடையே 680 கிலோ. ஆக, கூட்டம் சேர்த்தது கூரையின் எடையில் ஏறக்குறையப் பாதி. ஆரோக்கியமான வளைவு இதைத் தாங்கும்.

தாங்காதது ஒருபக்கப் பாரம். வளைவு நிற்பது அதன் வழியே இறங்கும் அழுத்தக்கோடு செங்கல் கனத்துக்குள்ளேயே ஓடுவதால். சண்டை நடக்கும் பக்கத்தை விட்டு எல்லாரும் எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் அந்தக் கோடு விளிம்புக்குத் தள்ளப்படும், விரிசல் திறக்கும், சுவரின் மேல் வரும் பக்க உதைப்பு கூடும். சுவர் வெளியே சாயும். நாளாகமம் "கூரை விழுந்தது" என்று சொல்லவில்லை, "சுவர்கள் விழுந்தன" என்கிறது. ஒரு கொத்தனாரின் கண்ணுக்கு அந்தச் சொல் சரியான இடத்தில் இருக்கிறது.

இதோடு கட்டடத்தின் உடல்நிலையையும் பாருங்கள். 1017இல் தீ. 1039இல் மறுபடி அபிஷேகம் என்றால் பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. 1169இலும் 1203இலும் ருஸ் இளவரசர்களே நகரைக் கொள்ளையிட்டார்கள். அஸ்திவாரத்தின் கீழே மரமுளைகள் அடித்து, உத்திரங்கள் பரப்பி, அதன் மேல் கல் வைத்திருந்தார்கள். இரண்டரை நூற்றாண்டில் அந்த மரம் உளுத்துப் போனால் அடியில் பொந்து விழும், சுவர் சமமில்லாமல் இறங்கும். 1230 மே 3ஆம் தேதி நிலநடுக்கத்தில் இதே கீவின் பெசர்ஸ்க் மடத்துக் கோயில் நான்காகப் பிளந்தது. விருந்துக்கு உணவு பரப்பியிருந்த மடத்து உணவுக்கூடத்தில் மேலிருந்து கல் உதிர்ந்தது என்று நாளாகமம் எழுதி வைத்திருக்கிறது. முற்றுகைக்குப் பத்தே ஆண்டு முன்பு நடந்தது அது. அப்படிப்பட்ட கட்டடத்தின் மேல்தான் அன்று கூட்டம் ஏறியது.

கவண்கல் எழுதியது:

கூட்டத்தின் பாரம் மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சமாதானம் இல்லை. மங்கோலியர் மதிலின் மேல் ஒரு பகலும் இரவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் எறிபொறிகளை உள்ளே நகர்த்தியிருக்கலாம் அல்லவா? லியாத்ஸ்கி வாயிலிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்தான். இழுகவணைக் கழற்றித் தூக்கிப் போவது எதிர்ப்பாரக் கவணை நகர்த்துவதைவிட எவ்வளவோ லேசு. கோயிலைச் சுற்றி அவசரமாக எழுப்பிய அரணை உடைக்க அது வேண்டியும் இருந்திருக்கும். அரணுக்கு வீசிய கல் கோயிற்சுவரிலும் பட்டிருக்கும்.

செங்கல்சூளை எழுதியது:

படாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மணி நேரம் கல் வாங்கிய சுவரில் குழி விழும், கொத்து பெயரும். ஒரேயடியாக ஆட்களோடு சாய்வது வேறு வகை முறிவு. நாளாகமக்காரர் பொறிகளைப் பற்றி எழுதத் தயங்கியவர் அல்லர், லியாத்ஸ்கி வாயிலில் அவ்வளவு விவரம் தருகிறார். கோயிலில் மட்டும் பொறியை விட்டுவிட்டுப் பாரத்தைக் காரணமாக ஏன் சொல்ல வேண்டும்?

மண்வெட்டி எழுதியது:

மூன்றாவது காரணம் ஒன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. தொல்லியலாளர் கார்கெர் தலைமையில் 1938-39இல் நடந்த அகழாய்வில், கோயிலின் இடிபாட்டுக்கு அடியில் சுமார் 5 மீட்டர் ஆழக் குழி ஒன்று வந்தது. அதற்குள் பலரின் எலும்புகள். மரத்தாலான இரண்டு மண்வெட்டிகள், மண் அள்ளும் வாளி, அதற்குக் கயிறு. மண்ணை வெட்டிய ஆட்களும் வெட்டிய கருவியும் ஒரே குழியில், மேலே விழுந்த செங்கல்லின் அடியில். உள்ளே நகை வார்க்கும் கல்லச்சுகளும் இருந்தன. ஒன்றில் மாக்சிம் என்ற பெயர் கீறியிருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தகுந்தது என்று ஒரு பொற்கொல்லர் நினைத்தது பொன்னை அல்ல, அச்சை. உயிர் பிழைத்தால் மறுபடி வார்க்கலாம்.

கோயில் குன்றின் ஓரத்தில் இருப்பதால் சரிவை நோக்கிச் சுரங்கம் வெட்டித் தப்ப முயன்றார்கள் என்பது அகழாய்வாளர் விளக்கம். கீவ் குன்றுகள் காற்று கொண்டுவந்து படிந்த மென்மையான மண். மர மண்வெட்டியாலேயே வெட்டலாம், செங்குத்தாகவும் நிற்கும். ஆனால் மேலே பாரம் கூடினால் எச்சரிக்கை இல்லாமல் உட்காரும். ஏற்கெனவே மரம் உளுத்த அஸ்திவாரத்தின் பக்கத்தில் இப்படி ஒரு குழி இருப்பதும், அதே நேரம் தலைக்கு மேல் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பதும் ஒன்றுசேர்ந்தால் வேறு பொறி தேவையில்லை.

இன்னொன்று. கோயில் முழுவதும் விழவில்லை. தென்மேற்கு மூலை நின்றது. 1630களில் பேராயர் பெத்ரோ மொஹிலா அந்த மூலையைச் சேர்த்துத்தான் சின்னக் கோயில் ஒன்று கட்டினார். நாலு பக்கமும் கல் எறிந்து தகர்த்ததாக வைத்துக்கொண்டாலும் ஒரு மூலை மிஞ்சலாம்தான். ஆனாலும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிற்பது செங்கல்சூளை சொன்ன ஒருபக்க முறிவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கவண்கல் எழுதியது:

குழியைப் பற்றிச் சொன்னது கனமான சான்று. பொறி தாக்கியது என்பதை நான் துணைக்காரணம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரலாற்றுமாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மக்கள்தொகை பாக்கி இருக்கிறது. 2,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஓலைச்சுவடி எழுதியது:

போப்பாண்டவரின் தூதர் பிளானோ கார்ப்பினி 1246 பிப்ரவரியில் கீவ் வழியாகப் போனார். முன்பு பெரிய, மக்கள் நிறைந்த நகரம், இப்போது 200 வீடுகூடத் தேறாது, இருப்பவர்கள் கடும் அடிமைத்தனத்தில் கிடக்கிறார்கள் என்கிறார். வழி நெடுக வயல்களில் எண்ணற்ற மண்டையோடுகளும் எலும்புகளும் கிடந்தன என்றும் எழுதுகிறார். 200 வீட்டை வீட்டுக்குப் பத்துப் பேர் என்று பெருக்கியதுதான் 2,000. கார்ப்பினி அந்த எண்ணைச் சொல்லவே இல்லை. 50,000 என்பதும் குடியிருப்புப் பரப்பை வைத்து ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடுகளில் உயர்ந்தது. 35,000 என்போரும் உண்டு. இரண்டையும் கழித்து "48,000 பேர் கொல்லப்பட்டனர்" என்று எழுதினால் அது யாரும் எண்ணாத கணக்கு. மாண்டவர்கள், அடிமைகளாக ஓட்டிச் செல்லப்பட்டவர்கள், முன்பே ஓடிவிட்டவர்கள் எல்லாரும் அதில் கலந்திருக்கிறார்கள். கீவ் இளவரசன் மிகைலோவே மங்கோலியத் தூதர்களைக் கொன்றுவிட்டு ஹங்கேரிக்கு ஓடியவன்தானே.

புல்வெளி எழுதியது:

அதே கார்ப்பினியிடமிருந்து இன்னும் இரண்டு செய்தி சேர்த்துக்கொள்ளுங்கள். கீவிலிருந்த அதிகாரிகள் அவருடைய குதிரைகளை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தாத்தார் குதிரைதான் குளம்பால் பனியைக் கிளறி அடியிலுள்ள புல்லை மேயும், மேற்கத்தியக் குதிரை பட்டினியில் சாகும் என்பது காரணம். அழிந்த ஆறாவது ஆண்டிலேயே அங்கே மாற்றுக் குதிரை கொடுக்கும் நிர்வாகம் நடக்கிறது. 1247இல் அவர் திரும்பியபோது கீவில் ஜெனோவா, வெனிஸ், பீசா, பாலஸ்தீனக் கடற்கரையின் ஏக்கர் (Acre) ஆகிய நகர வணிகர்கள் இருந்தார்கள், பெயர்களோடு குறிப்பிடுகிறார். வெறும் சாம்பல்மேட்டுக்கு இத்தாலிய வணிகன் வரமாட்டான். அழிவின் முழுப் பாரமும் விழுந்தது மேல்நகரத்தில், மதிலுக்கும் தசமபாகக் கோயிலுக்கும் நடுவில்.

மண்வெட்டி எழுதியது:

புனித சோபியா பேராலயமும் அந்த மேல்நகரத்துக்குள்தான், அது நின்றது. ஆகவே "கோயில்கள் அனைத்தும் இடிந்தன" என்ற வரி கட்டுரையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

த்மித்ரோவின் முடிவையும் விடாதீர்கள். காயத்தோடு பிடிபட்டவனை, அவன் வீரத்துக்காகப் பாத்து கொல்லவில்லை.

படங்களுக்கு: லியாத்ஸ்கி வாயிலின் எச்சம் இன்றைய மைதான் சதுக்கத்தின் அடியில், நிலத்தடியில் இருக்கிறது. தசமபாகக் கோயிலின் அடித்தள வடிவத்தைக் குன்றின் மேல், தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். 1842இல் கட்டி முடித்து சோவியத் காலத்தில் இடிக்கப்பட்ட கோயிலின் படத்தைப் பழைய கோயில் என்று பல தளங்கள் போடுகின்றன. ஐந்து கும்மட்டத்தோடு படம் தெளிவாக இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், எடுக்க வேண்டாம்.